கடலின் பருவம் அறிந்தவர்

மழைக்காலத்தில் பாபநாசம் அணை நிரம்பித் தாமிரபரணியில் வெள்ளம் பெருகும்போதெல்லாம், இத்தனை ஆயிரம் கன அடி நீர் வீணாகக் கடலில் கலக்கிறதே என்ற ஆதங்கம் எழுவது வழக்கம். கோடையில் குடிநீருக்குக் குடத்தோடு காத்து நின்றவர்களின் ஆதங்கம் அது. அதில் பிழை காண்பதற்கில்லை. ஆனால், புன்னைக்காயல் முகத்துவாரத்தைக் கடந்த பிறகு அந்த நீர் என்ன ஆகிறது என்று நாம் கேட்பதில்லை. பொதிகை மலையின் மண்ணையும் மருத நிலத்தின் வண்டலையும் சுமந்து செல்லும் அந்தச் செந்நீர் மன்னார் வளைகுடாவில் எந்த உயிருக்கு, எந்த மாதத்தில் உணவாகிறது என்பது நம் விவாதங்களில் இடம்பெறுவதே இல்லை.

நூறாண்டுகளுக்கு முன்பு, கடலுக்கும் விதைப்பும் விளைச்சலும் உண்டு, அதற்கும் ஒரு பருவ நாள்காட்டி உண்டு என்பதை நுண்ணோக்கியின் வழியே கண்டறிய முற்பட்ட ஒருவர் இதே கரையில் பணியாற்றினார். அவர் பெயர் ஜேம்ஸ் ஹார்னெல். தோணி, கட்டுமரம் ஆகியவற்றின் வரலாற்றை ஆராய்வோர் அவரை நன்கறிவர். சங்கு பற்றிய அவருடைய நூலை இன்றும் தேடிப் படிப்போர் உண்டு. ஆனால், கடலில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத பயிரைப் பற்றி அவர் சிந்தித்தது அவ்வளவாகப் பேசப்படவில்லை. இன்று நமக்கு மிகவும் தேவைப்படுவது அந்தச் சிந்தனைதான்.

1865-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர் ஹார்னெல். இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் இடையே உள்ள ஜெர்சி தீவில், இயற்கை ஆய்வாளரான தம் மாமனார் ஜோசப் சினெலுடன் சேர்ந்து சிறியதொரு கடல் உயிரியல் நிலையத்தை நடத்தினார். கடல் உயிர்களைப் பதப்படுத்துவதும், நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பதற்கான கண்ணாடித் தகடுகளை ஆயத்தம் செய்து கல்வி நிறுவனங்களுக்கு விற்பதும் அங்கு நடந்த தொழில். பெரிய பல்கலைக்கழக ஆய்வகம் தராத ஒரு பயிற்சியை அது அவருக்குத் தந்தது: ஒரு துளி நீரில் உள்ளவற்றைப் பொறுமையாகப் பார்க்கும் பழக்கம்.

அந்தக் கண்ணை நம் கடலுக்குக் கொண்டுவந்தது முத்துதான். இலங்கையின் மன்னார்ப் பகுதியில் 1891-க்குப் பிறகு பத்தாண்டுகளுக்கும் மேலாக முத்துக்குளிப்பே நடைபெறவில்லை. பாரில் இளஞ்சிப்பிகள் கோடிக்கணக்கில் தோன்றும், முதிர்வதற்குள் காணாமற்போகும். வருவாய் இழந்த காலனிய அரசு, காரணம் கண்டறிய லிவர்பூல் பல்கலைக்கழக விலங்கியல் பேராசிரியர் ஹெர்ட்மனை அழைத்தது. 1902-இன் தொடக்கத்தில் அவர் கொழும்பு வந்தபோது உதவியாளராக உடன் வந்தவர் ஹார்னெல். ஆய்வுக் கப்பலில் வளைகுடாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சில மாதங்களில் பேராசிரியர் தாயகம் திரும்பினார். உதவியாளர் இங்கேயே தங்கிவிட்டார்.

அவ்வாறு தங்கியதுதான் அவருடைய ஆய்வுக்கு வலிமை சேர்த்தது. ஒரு பருவத்தில் வந்து பார்த்துச் செல்பவர் கடலின் ஒரு முகத்தை மட்டுமே காண்பார். கச்சான் காற்று வீசும்போது ஒரு கடல். வாடை வீசும்போது வேறொரு கடல். பெரிய பார் என்னும் பாரில் இளஞ்சிப்பிகள் மீண்டும் மீண்டும் குடியேறுவதும், தென்மேற்குப் பருவக்காற்றின் கொந்தளிப்பில் மீண்டும் மீண்டும் அழிவதும் ஆண்டு முழுவதும் கண்காணித்தபோதுதான் தெளிவாயின. ஆபத்தான பாரில் பிறக்கும் இளஞ்சிப்பிகளைப் பாதுகாப்பான பாருக்கு மாற்றி வளர்க்க வேண்டும் என்பது அந்த ஆய்வின் முக்கியப் பரிந்துரைகளுள் ஒன்றாக இருந்தது. நாற்றங்காலில் இருந்து நாற்றைப் பிடுங்கி வயலில் நடும் நம் உழவர்க்கு இது எளிதில் விளங்கும்.

1903-இல் முத்துக்குளிப்பு மீண்டும் தொடங்கியது. 1905-இல் மறிச்சுக்கட்டிக் கரையில் 8 கோடிக்கும் அதிகமான சிப்பிகள் எடுக்கப்பட்டன; அரசுக்குச் சுமார் 25 லட்சம் ரூபாய் வருவாய் கிடைத்தது. அந்த மகிழ்ச்சியில், 1906-இல் இலங்கை அரசு முத்துப் பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு லண்டன் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்தது. 1907-க்குப் பிறகு பார்கள் மீண்டும் வறண்டன. குத்தகையின் பாதிக் காலம்கூட முடிவதற்குள் அந்த நிறுவனம் நொடித்துப்போனது. ஒரு நல்ல பருவத்தின் விளைச்சலைக் கொண்டு 20 ஆண்டுக் கணக்குப் போட்டவர்களுக்குக் கடல் அளித்த பாடம் அது.

இதற்கிடையில் சென்னை மாகாண அரசு தன் பக்கத்துப் பார்களையும் ஆராயுமாறு ஹார்னெலைக் கேட்டிருந்தது. 1905-இல் அவர் அளித்த அறிக்கை, அன்று திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதியாக இருந்த தூத்துக்குடியின் முத்துப் பார்களைப் பற்றியது. 1907-இல் சர் ஃபிரடெரிக் நிக்கல்சனின் முயற்சியால் சென்னை மாகாணத்தில் மீன்வளத்துக்கென ஓர் அமைப்பு உருவானது. அதில் சேர்ந்த ஹார்னெல், முத்து, சங்கு ஆகியவற்றின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றார். முத்து எப்போதோ கிடைப்பது. சங்கு ஆண்டுதோறும் கிடைப்பது. தூத்துக்குடியில் பரதவர் மூழ்கி எடுத்த சங்கு, வங்காளத்துக்குச் சென்று மணமான பெண்களின் கைவளையாக மாறியது.

இந்த வணிகத்தின் வேரைத் தேடி அவர் தாமிரபரணியின் கழிமுகத்துக்கு வந்தார். கொற்கையிலும் பழைய காயலிலும் அறுக்கப்பட்ட சங்குத் துண்டுகளைக் கண்டெடுத்தார். வளையலுக்காகச் சங்கை அறுக்கும் தொழில் பாண்டியரின் பழைய துறைமுகத்தில் நடந்தது என்பதற்கு அவை சான்றாயின. 1914-இல் வெளியான இந்தியாவின் புனிதச் சங்கு பற்றிய அவருடைய நூலில் இச்செய்திகள் இடம்பெற்றன. ஒரு காலத்தில் அலை தொட்ட கொற்கை இன்று கடற்கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் கரையைக் கிழக்கே தள்ளிவிட்டது. கடலையும் ஆற்றையும் தனித்தனியே பிரித்துப் பார்க்க முடியாது என்பதற்குக் கொற்கையைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

சிப்பி எதைத் தின்று வளர்கிறது என்ற எளிய கேள்விதான் கடலியலின் ஆழமான கேள்வி. முத்துச்சிப்பி இரை தேடி அலைவதில்லை. பாறையில் ஒட்டிக்கொண்டு, தன் செவுள் வழியே நீரை ஓடவிட்டு, அதில் மிதந்துவரும் நுண்ணிய உயிர்களை வடிகட்டி உண்கிறது. அந்த நுண்ணுயிர்களில் தலையாயவை தாவர மிதவை உயிரிகள். நிலத்தில் புல் செய்யும் வேலையைக் கடலில் அவை செய்கின்றன: கதிரொளியை வாங்கி உணவு சமைக்கின்றன. அவற்றுள் டயட்டம் என்னும் வகைக்குக் கண்ணாடி போன்ற சிலிக்கா ஓடு உண்டு. அதனால் அதற்கு நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மட்டும் போதாது, சிலிகேட்டும் வேண்டும். பாறை கரைந்து பிறக்கும் சிலிகேட்டைக் கடலுக்குக் கொண்டுவரும் முதன்மையான வழி ஆறு.

கடலின் இந்தப் பயிருக்கு ஒளியும் உரமும் ஒருசேரக் கிடைக்கும் காலமே விளைச்சல் காலம். வெப்பமண்டலக் கடலில் ஒளிக்குப் பஞ்சமில்லை. உரம்தான் பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. காற்று கடலைக் கலக்கும்போதும், ஆழத்து நீர் மேலெழும்போதும், ஆறு வெள்ளம் கொண்டுவரும்போதும் உரம் சேர்கிறது. பயிர் பெருகுகிறது, அதைத் தின்னும் சிற்றுயிர்கள் பெருகுகின்றன, பின்னர் மீன் பெருகுகிறது. இந்த வரிசையைக் குறித்து வைப்பதே கடலின் நாள்காட்டியை எழுதுவது.

அந்த நாள்காட்டியின் சில பக்கங்களை ஹார்னெல் எழுதியது மேற்குக் கரையில். 1908-இல் மலபார்க் கரை வழியே லட்சத்தீவு வரை ஓர் ஆய்வுப் பயணம் மேற்கொண்டார். அக்கரையில் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்தபின் சில ஆண்டுகளில் கடல்நீர் நிறம் மாறும். மீன்கள் செத்துக் கரை ஒதுங்கும். கரையோர மக்களுக்கு இது தெரிந்த நிகழ்வே. அந்த நீரை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த ஹார்னெல், அளவின்றிப் பெருகிய ஒரு நுண்ணுயிரே மீன்களின் சாவுக்குக் காரணம் என்று 1917-இல் வெளியிட்டார். உணவாக இருக்க வேண்டிய கடற்பயிர், வகை மாறி அளவு மீறும்போது நஞ்சாகிறது என்பதை இந்தியக் கடலில் ஆராய்ந்து எழுதிய தொடக்ககால ஆய்வுகளுள் ஒன்று அது.

அடுத்து அவர் எடுத்துக்கொண்டது மத்தி. சில ஆண்டுகளில் தென்னந்தோப்புக்கு உரமாகப் போடும் அளவுக்குக் குவியும் அந்த மீன், வேறு சில ஆண்டுகளில் கண்ணிலேயே படாது. தம் துறையைச் சேர்ந்த இராமசாமி நாயுடுவுடன் இணைந்து 1920-களின் தொடக்கத்தில் அவர் செய்த ஆய்வு, மத்தியின் வாழ்க்கையையும் மலபார்க் கடலின் மிதவை உயிரிகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தது. மீனின் இரைப்பையில் இருந்தவை பெரும்பாலும் டயட்டம் போன்ற நுண்ணுயிர்கள். பருவமழைக்குப் பின் கடலில் அவை பெருகும் காலமும், மத்தி கரையை நாடி வரும் காலமும் பொருந்தி வந்தன. மீன் வராத ஆண்டில் வலையை ஆராய்வதைவிட நீரை ஆராய்வதே முறை என்ற எண்ணத்துக்கு அது அடித்தளம் இட்டது.

மலபாருக்கும் நம் கரைக்கும் பருவம் ஒன்றல்ல. மேற்கே தென்மேற்குப் பருவக்காற்றின்போது ஆழத்துக் குளிர்ந்த நீர் மேலெழுந்து கடலுக்கு உரமிடுகிறது. மன்னார் வளைகுடாவும் பாக் நீரிணையும் இரு காற்றுகளுக்கு நடுவே அமைந்தவை. வடகிழக்குப் பருவத்தில் வங்கக் கடலின் உப்புக் குறைந்த நீர், நீரிணை வழியாகத் தெற்கு நோக்கி வந்து பாம்பன் கால்வாயைக் கடந்து வளைகுடாவில் சேர்கிறது. தென்மேற்குப் பருவத்தில் நீரோட்டம் திரும்பி வளைகுடாவின் நீர் வடக்கே செல்கிறது. இந்தப் போக்குவரத்தின் நடுவே, இரு பருவமழையாலும் நீர் பெறும் தாமிரபரணி தன் பங்கைக் கொண்டுவந்து சேர்க்கிறது. சுமார் 130 கிலோமீட்டர் மட்டுமே ஓடும் சிறிய ஆறுதான் அது. ஆனால், தென்கோடிக் கரையில் அதற்கு இணையான ஆறு வேறில்லை.

ஹார்னெல் 1918 முதல் 1924 வரை சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது பெயருக்குத்தான். உடனே பசிபிக் பெருங்கடலுக்கான அறிவியல் பயணம் ஒன்றில் சேர்ந்தார். சியரா லியோன், மால்டா, பாலஸ்தீனம் எனப் பல நாடுகளின் மீன்வளத்தை ஆராய்ந்து அறிக்கை அளித்தார். உலகெங்கும் மிதக்கும் கலங்களின் தோற்றம் பற்றிய அவருடைய பெருநூல் 1946-இல், அவரது 81-ஆம் வயதில் வெளியானது. 1949-இல் அவர் மறைந்தார். தோணித் துறைகளில் தொடங்கிய தேடலை அவர் இறுதிவரை விடவில்லை.

அவரைக் குறையற்றவராகக் காட்ட வேண்டியதில்லை. அவர் காலனிய அரசின் ஊழியர். முத்துப் பாரை அரசு ஆராய்ந்தது வருவாய்க்காகவே. உயிரைப் பணயம் வைத்து மூழ்கியவர்களுக்கு இலங்கை முத்துக்குளிப்பில் கிடைத்தது எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு, மீதி அரசுக்கு. முத்து உருவாவதற்கு நாடாப்புழுவின் இளம்பருவமே காரணம் என்று ஹெர்ட்மனும் அவரும் கொண்ட முடிவைப் பின்வந்த அறிவியல் ஏற்கவில்லை. தென்னிந்தியப் படகுகளில் பாலினீசியச் செல்வாக்கைக் கண்ட அவருடைய கருத்தும் விவாதத்துக்கு உள்ளானது. ஆயினும், முடிவுகள் மாறினாலும் முறை நிலைத்தது: ஒரே இடத்தில் நின்று, எல்லாப் பருவத்திலும் பார்ப்பது.

அந்த முறை மண்டபத்தில் தொடர்ந்தது. 1947-இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1949-இல் மண்டபத்துக்கு வந்தது. 1950-களில் அங்கிருந்த ஆர்.ஜெயராமன் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் உப்புத்தன்மை, உயிர்வாயு, சத்து உப்புகள் ஆகியவற்றின் பருவ மாற்றங்களை அளந்தார், ஆர்.ரகு பிரசாத் மிதவை உயிரிகளை ஆராய்ந்தார். தூத்துக்குடியில் 1973-இல் கே.அழகர்சாமியின் முயற்சியால் சிப்பியில் முத்து வளர்க்கும் நுட்பம் வெற்றி கண்டது. ஆனால், இயற்கைப் பார்களின் கதை வேறு. 1955-இல் தொடங்கி ஆண்டுதோறும் நடந்த முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றது. முத்து நகரம் என்ற பெயர் மட்டும் தூத்துக்குடியில் எஞ்சியது.

இன்று அதே கடலிலிருந்து வேறொரு எச்சரிக்கை வருகிறது. 2019 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மண்டபம் அருகே கடல் பச்சை நிறமானது. மீனவர்கள் பூங்கோரை என்று அழைக்கும் அந்தப் பெருக்கத்துக்குக் காரணம் நாக்டிலுகா என்னும் மிதவை நுண்ணுயிர். மீன்கள் செத்து ஒதுங்கின. நீரில் உயிர்வாயு குறைந்து தீவுகளை ஒட்டிய பவளப்பாறைகளும் மடிந்ததைத் தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். மலபார்க் கரையில் ஹார்னெல் கண்ட காட்சியின் மறுபதிப்பு, 21 தீவுகளைக் கொண்ட நம் கடல்சார் தேசியப் பூங்காவிலேயே அரங்கேறியது.

ஆற்றைக் குறைத்தால் கடல் குறையும் என்பதற்கு உலகில் சான்று உண்டு. ஆண்டுதோறும் நைல் நதியின் வெள்ளம் மத்தியதரைக் கடலில் சேரும்போது டயட்டம் பெருகும். அதை நாடிச் சாளை மீன் வரும். 1960-களின் நடுவில் அஸ்வான் உயர் அணை வெள்ளத்தைத் தடுத்தது. 1962-இல் சுமார் 18,000 டன்னாக இருந்த எகிப்தின் சாளைப் பிடிப்பு, அப்பத்தாண்டின் இறுதிக்குள் சில நூறு டன்னாகச் சுருங்கியது. டான்யூப் நதியின் அணைகள் சிலிகேட்டைத் தேக்கிக்கொள்ள, வயல்களின் உரமும் நகரங்களின் கழிவும் கருங்கடலில் சேர்ந்தன. அங்கே டயட்டம் தளர்ந்து, தீங்கான நுண்ணுயிர்கள் தழைத்தன. ஆறு தர வேண்டியதைத் தராமல், தரக்கூடாததைத் தந்தால் கடற்பயிர் களையாக மாறுகிறது.

தாமிரபரணிக்கும் இந்த இரண்டு ஆபத்துகளும் உண்டு. பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளும், கோடைமேலழகியான் தொடங்கித் திருவைகுண்டம் வரையிலான எட்டு அணைக்கட்டுகளும் ஆற்றைப் பகிர்கின்றன. அவற்றால்தான் நெல்லையும் தூத்துக்குடியும் உண்கின்றன, குடிக்கின்றன; அவற்றைக் குறைகூறுவது நன்றி மறத்தலாகும். உபரி நீரை ராதாபுரம், திசையன்விளை, சாத்தான்குளம் வறட்சிப் பகுதிகளுக்குக் கொண்டுசெல்ல 2009-இல் தொடங்கிய தாமிரபரணி - கருமேனியாறு - நம்பியாறு இணைப்புத் திட்டத்தின் நியாயமும் மறுக்க முடியாதது. அதே வேளையில், திருநெல்வேலி மாநகரின் கழிவுநீர் ஆற்றில் கலப்பது குறித்த வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை சென்றது. நல்ல நீரைத் தடுத்துக்கொண்டு கெட்ட நீரைக் கடலுக்கு அனுப்புகிறோம் என்பதே இதன் பொருள்.

இதற்குத் தீர்வு வெள்ளத்தை அப்படியே விட்டுவிடுவதன்று. கடலையும் ஒரு பாசனதாரராகக் கணக்கில் சேர்ப்பது. எந்த மாதத்தில் எவ்வளவு நீர் புன்னைக்காயலைத் தாண்ட வேண்டும், அதில் சிலிகேட், நைட்ரேட், பாஸ்பேட் எவ்வளவு, முகத்துவாரத்துக்கு வெளியே அந்த மாதம் எந்த மிதவை உயிரி பெருகுகிறது என்பதை ஆண்டு முழுவதும், ஆண்டுதோறும் அளக்க வேண்டும். அணையின் நீர்மட்டத்தை நாள்தோறும் வெளியிடுவதுபோல இந்த அளவுகளையும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். நீர்ப் பங்கீட்டுக் கூட்டங்களில் உழவரின் பிரதிநிதிக்குப் பக்கத்தில் மீனவரின் பிரதிநிதிக்கும் ஓர் இருக்கை வேண்டும். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பணி, ஆற்றுக்காக மட்டுமன்றிப் பவளப்பாறைக்காகவும் விரைவுபட வேண்டும்.

1905-இன் பெருவிளைச்சலைக் கண்டு 20 ஆண்டுக் குத்தகை எடுத்தவர்கள் ஏமாந்தது, கடலின் ஒரே பருவத்தை மட்டும் பார்த்ததால். நாமும் ஒரு மழைக்கால வெள்ளத்தைப் பார்த்து வீண் என்கிறோம். ஒரு கோடையைப் பார்த்துப் பற்றாக்குறை என்கிறோம். வானம் வழங்காவிட்டால் கடலும் வளம் குன்றும் என்று உணர்ந்திருந்த மொழி நம்முடையது. வானுக்கும் கடலுக்கும் இடையே ஓடுவது ஆறு. எங்கிருந்தோ வந்த ஒருவர் இந்தக் கரையில் தங்கி, பருவம்தோறும் பார்த்துக் கற்றதை, இதே கரையில் பிறந்தவர்கள் மறந்துவிடலாகாது. அடுத்த மழைக்காலத்தில் தாமிரபரணியின் செந்நீர் புன்னைக்காயலைக் கடக்கும்போது அது வீணா, விதைப்பா என்று சொல்லும் கணக்கேடு நம் கையில் இருக்க வேண்டும்.